தமியா ரி-55ஏ: ஒரு கராஜ்காரனின் மூன்று மாத வேலை

கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் பெயின்ற் அடிக்கிற கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக இதே தொழில்தான். ஒடுங்கின பெற்றோல் ராங்கைத் தட்டி எடுத்து, புட்டி வைத்து, வோட்டர் பேப்பர் தேய்த்து, பழைய நிறமும் புது நிறமும் எங்கே சேர்ந்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாதபடி கொடுப்பேன். அந்தக் கையோடு மாசி மாதம் ஒரு பிளாஸ்ரிக் போர் ராங்கி மொடல் கட்டத் தொடங்கினேன். ஜப்பானின் தமியா நிறுவனம் செய்கிற ரி-55ஏ, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு, பெட்டி எண் 35257. முடிக்க மூன்று மாதம் எடுத்தது. இந்தப் பெட்டியை வாங்கலாமா, வாங்கினால் எங்கள் வெயிலிலும் புழுதியிலும் எப்படிக் கட்டுவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். டாங்கியை எங்கள் பக்கம் ராங்கி என்றுதான் சொல்வது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஏன் ரி-55 என்றால், நான் நேரில் கிட்ட நின்று பார்த்த முதல் ராங்கி அதுதான். பார்க்க முதலே சத்தம் தெரியும். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று இடத்துக்கிடம் பங்கர் வெட்டி இருந்த காலம். இரவில் தூரத்தில் டீசல் எஞ்சின் உறுமும், அதோடு சேர்ந்து இரும்புச் சங்கிலி அரைபடும். "லொறி இல்லை, ராங்கி" என்று அப்பா மெதுவாகச் சொல்வார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவ்வளவு பயந்த ஒரு சாமானை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று துண்டு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கனடாவில் இருக்கிற மச்சானிடம் கேட்டேன். அவர் காரணம் ஒன்றும் கேட்காமல் வாங்கி அனுப்பினார்.

ரி-55ஐ மற்றதிலிருந்து பிரித்தறிய சக்கரத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம். பிறகு வந்த ரி-62இலும் ஐந்துதான், ஆனால் அதில் இடைவெளி பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவில் விழும். சங்கிலியை மேலே தாங்குகிற சின்ன உருளைகள் ரி-55இல் கிடையாது. சங்கிலி பெரிய சக்கரங்களின் தலையிலேயே படுத்துக் கிடக்கும். சோவியத் நாட்டில் 1958இல் செய்யத் தொடங்கியது, பிறகு போலந்திலும் செக்கோசிலோவாக்கியாவிலும் செய்தார்கள். எடை 36 தொன், உள்ளே நாலு பேர், 100 மில்லிமீற்றர் பீரங்கி. இந்த மொடலில் அந்தப் பீரங்கி வாய் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. குழலோடு சேர்த்து அளந்தால் முழு நீளம் இருபத்தைந்து, இருபத்தாறு சென்ரிமீற்றர் வரும், பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

பெட்டி கொழும்புக்கு நல்லபடி வந்தது. அங்கிருந்து கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த பார்சல் சேவைதான் அதன் ஒரு மூலையை நசுக்கிவிட்டது. பெயர் சொல்லவில்லை. போய்க் கேட்டபோது, உடையிற சாமான் என்று எழுதவில்லையே என்றார்கள். எழுதித்தான் இருந்தது, மூன்று பக்கமும். கோபுரத்தின், அதாவது பீரங்கி பூட்டியிருக்கிற சுழலும் மேல்பகுதியின், பக்கவாட்டில் வருகிற கைப்பிடிக் கம்பிகளில் இரண்டு முறிந்து போயின. மெல்லிய துண்டுகள், ஒட்டினாலும் நிற்காது. பக்கத்துக் கடையில் தண்ணீர் மோட்டார் சுருள் கட்டுகிற அண்ணையிடம் ஒரு முழம் செப்புக் கம்பி வாங்கி, முறிந்த துண்டை அளவாக வைத்து வளைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பிளாஸ்ரிக் கைப்பிடியைவிட அது வடிவாக இருக்கிறது. மிச்சக் கைப்பிடிகளையும் வெட்டி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் செப்பிலேயே செய்தேன்.

இனி பெட்டிக்குள் இருப்பது. தமியாவின் பெயர் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்லப்படுகிறது என்பது முதல் இரண்டு துண்டை ஒட்டும்போதே விளங்கிவிட்டது. துண்டும் துண்டும் பொருந்துகிற விதம் அப்படி. நான் நாள் முழுக்க உரசி உரசிப் பொருத்துகிற ஆள். சந்தைக்கு வருகிற மட்கார்ட் ஒன்றுகூட ஓட்டை நேராக வராது. இங்கே மேல் தட்டை வைத்தால் 'டக்' என்று இருக்கிறது. புட்டி என்று பார்த்தால் முழு ராங்கிக்கும் ஒரு பயறளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

அதிலும் கோபுரம். உண்மையான ரி-55இன் கோபுரம் உருக்கை வார்த்துச் செய்தது. வார்த்த உருக்கின் தோல் ஒருபோதும் வழவழப்பாக இராது, தோடம்பழத் தோல்போல மெல்லிய சொரசொரப்பு இருக்கும். அதை இந்தப் பிளாஸ்ரிக்கில் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். மேசை விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: கோபுரத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேருகிற இடத்தைத் தேய்க்கும்போது இந்தச் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும். நான் ஒரு இடத்தில் அப்படிப் போக்கிவிட்டேன். பிறகு, பாகங்களைக் கழற்றினபின் மிஞ்சுகிற பிளாஸ்ரிக் சட்டத் துண்டுகளைத் தின்னரில் கரைத்துக் கூழாக்கி, பழைய பல்துலக்கும் பிரஷால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். காய்ந்ததும் மற்ற இடத்தோடு சேர்ந்துவிட்டது.

தின்னர் என்றதும் பசைக் கதையைச் சொல்ல வேண்டும். தமியாவின் பச்சை மூடிப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, பொருத்தின் ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும், வெடிப்புக்குள் தானே ஓடிப்போய் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். ஆனால் அது தீப்பற்றுகிற சாமான், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மச்சானால் அனுப்ப முடியவில்லை. கொழும்பிலிருந்து ஒரு போத்தல் வரும்வரை பொறுக்க முடியாமல், கராஜில் இருக்கிற என்.சி. தின்னரைச் சட்டத் துண்டு ஒன்றில் தொட்டுப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் மேல்தோல் குழைந்து கைரேகை பதிந்தது. ஒட்டும், சந்தேகமில்லை, ஆனால் வடிவத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். என்னைப் போலப் பெயின்ற் தொழில் செய்கிற தம்பிமார் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: வாகனத்துக்கு அடிக்கிற என்.சி. பெயின்ரை இந்தப் பிளாஸ்ரிக்கில் நேரே நனைய அடிக்காதீர்கள். மேற்பரப்பு வெடித்துச் சிலந்திவலை போல ஆகிவிடும். பிறைமர் வைப்பதானாலும் தூரத்தில் நின்று, காய்ந்த தூறலாக, மூன்று நாலு தரம் அடிக்க வேண்டும்.

சக்கர வேலை சலிப்பானது. இரட்டைச் சக்கரம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபது தட்டு. ஒவ்வொன்றிலும் அச்சு சேர்ந்த கோட்டைச் சுற்றிவரத் தேய்த்தெடுக்க வேண்டும். நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் பக்கத்தில் இருந்து பாதியைத் தேய்த்தாள். எண்ணூறாம் நம்பர் வோட்டர் பேப்பரைச் சின்னதாக வெட்டிக் கொடுத்தேன். அவள் விரல் சின்னது, என்னைவிடச் சுத்தமாக வந்தது.

சங்கிலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் வருவது நீளப் பட்டியாக வளைகிற சங்கிலி, இரண்டு நுனியையும் பசையால் சேர்த்தால் வேலை முடிந்தது. புதிதாகக் கட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் நான் சொன்னேனே, ரி-55இன் சங்கிலி சக்கரத்தின் தலையில் படுத்துக் கிடக்கும் என்று. இரும்பின் பாரத்தால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அது தொய்யும். பட்டிச் சங்கிலிக்குப் பாரம் இல்லை, விறைப்பாக மேலே எழும்பி நிற்கும். அப்படியே விட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு பொட்டு சுப்பர் குளூ வைத்து, சங்கிலியை அமத்தி, மட்கார்டுக்கும் சங்கிலிக்கும் நடுவில் பஞ்சு திணித்து ஒரு இரவு விட்டேன். காலையில் பஞ்சை எடுத்தபோது அலை அலையாகத் தொய்ந்து கிடந்தது. நேரே கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பாரம் வந்துவிட்டது.

பெயின்ருக்குக் கராஜில் இருக்கிற துப்பாக்கி சரிவராது, ஒரு அழுத்தலில் முழு ராங்கியையும் குளிப்பாட்டிவிடும். 0.3 மில்லிமீற்றர் ஊசி உள்ள சின்ன எயர்பிரஷ் ஒன்று எடுத்து, இருக்கிற கொம்பிரசரிலேயே பூட்டினேன். அமுக்கம் 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள் வைத்தேன். தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் இல்லாமல் தொடங்க வேண்டாம், எங்கள் காற்றில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து துளியாகத் துப்பும். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை, லக்கர் பெயின்ற் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும் என்பது தொழில்காரருக்குத் தெரிந்ததுதான், மொடலிலும் அதே கதை. பங்குனி வெயிலில் வேறு பிரச்சினை: பெயின்ற் துளி பிளாஸ்ரிக்கில் போய்ச் சேர முன்னமே காய்ந்து தூளாகிவிடும். நான் மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் அடித்தேன். தமியாவின் அக்ரிலிக் பெயின்ருக்கு ஐசோபுரொப்பைல் அற்ககோல் கலக்கலாம். அது வேண்டுமென்றால் போன் திருத்துகிற கடையில் கேளுங்கள், அவர்கள் போர்ட் துடைக்க வைத்திருப்பார்கள்.

முதலில் முழுக்கக் கறுப்பு, அதன் மேல் எக்ஸ்எஃப்-61 கரும்பச்சை. முதல் நாள் போத்தலில் இருந்த பச்சையை அப்படியே அடித்துவிட்டுக் காலையில் பார்த்தால் கறுப்பு ராங்கி நிற்கிறது. நிறம் பிடிக்கிற தொழிலில் இருந்துகொண்டு இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பெரிய சாமானின் நிறத்தைச் சின்னச் சாமானுக்கு அப்படியே கொடுத்தால் இருண்டு தெரியும். உண்மை ராங்கியைப் பத்து மீற்றர் தூரத்தில் நின்று பார்க்கும்போது நடுவில் காற்றும் வெளிச்சமும் இருக்கிறது, நிறம் வெளிறித்தான் கண்ணுக்கு வருகிறது. எக்ஸ்எஃப்-60 கருமஞ்சளை மூன்றில் ஒரு பங்கு கலந்து, தட்டுகளின் நடுப்பகுதியில் மட்டும் திரும்ப அடித்தேன். ஓரங்களில் பழைய இருட்டு மிஞ்சியது. அப்போதுதான் அது வெயிலில் நின்ற பச்சையாக மாறியது.

சக்கர விளிம்பில் ரப்பர் இருக்கிறது, அதற்குக் கறுப்பு அடிக்காதீர்கள். கராஜுக்கு வருகிற எந்த ரயரையும் பாருங்கள், ஒன்றுகூடக் கறுப்பு இல்லை, எல்லாம் சாம்பல். புகைபோக்கி ரி-55இல் இடது பக்க மட்கார்டின் மேல் இருக்கும். அந்த இடத்தைச் சுற்றியும் பின்னோக்கியும் கரி படிய வேண்டும். துருவை அளவோடு வையுங்கள். படத்தில் பார்க்கிற பல மொடல்கள் கடலுக்குள் இருந்து எடுத்ததுபோல முழுக்கத் துருவாக இருக்கின்றன. தடித்த வார்ப்பு உருக்கு அவ்வளவு கெதியில் உக்காது. மெல்லிய தகரம்தான் முதலில் போகும்: மட்கார்ட் ஓரம், வெளியே பூட்டின எண்ணெய்ப் பெட்டிகள். ஓட்டைவிழுந்த வாளி துருப்பிடிக்கிற ஒழுங்கை நினைத்துக்கொண்டு அடித்தால் பிழை வராது. இடுக்குகளுக்கு ஓவியம் கீறுகிற எண்ணெய் வர்ணத்தில் கபில நிறத்தை ரப்பன்ரைனில் கரைத்து ஓடவிட்டேன். ஒரு ரியூப் புத்தகக் கடையில் கிடைக்கும், பத்து ராங்கிக்குக் காணும்.

புழுதிக்கு விற்கிற தூள்கள் இருக்கின்றன, குட்டிப் போத்தலில். நான் வாங்கவில்லை. இரணைமடுப் பக்கம் போகிற வழியில் கிறவல் வெட்டின பள்ளம் ஒன்றில் ஒரு கைப்பிடி எடுத்து வந்தேன். அந்தச் சிவப்பு மண்ணுக்கும் கிறவலுக்கும் நிலவியல்காரர் இரணைமடுப் படிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான தூள் எந்தப் போத்தலில் வரும்? வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, பழைய நூல் சேலைத் துண்டில் இரண்டு தரம் அரித்தேன். அரிப்பதுதான் இதில் முழு வேலையும். ஒரு மில்லிமீற்றர் மணல் இந்த அளவில் மூன்றரைச் சென்ரிமீற்றர் கல்லாகிவிடும். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல இருக்க வேண்டும். மரவேலைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு துளி விட்டால் மண் மேலே மிதக்காமல் ஊறிப் பிடிக்கும். சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் தடிப்பாக, பக்கத் தட்டுக்கு மெல்லியதாக, மேலே புழுதியாக மட்டும்.

விலை சுலபமில்லை. நாலு மோட்டார் சைக்கிள் ராங்குக்கு அடித்து எடுக்கிற கூலி பெட்டிக்கும் பெயின்ருக்கும் போனது, எயர்பிரஷ் வேறு. பெட்டிக்குள் எஞ்சினோ, உள்ளிருக்கைகளோ இல்லை, வெளிக்கூடு மட்டும்தான். உள்ளும் வேண்டும் என்றால் உக்ரைனின் மினிஆர்ட் நிறுவனம் உள்வேலைப்பாடு முழுவதும் சேர்த்து இதே ரி-55ஏயைச் செய்கிறது. ஆனால் துண்டுகள் எக்கச்சக்கம், சங்கிலியைக்கூட ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்க வேண்டும். முதன்முதல் கட்டுகிற ஒருவருக்கு நான் தமியாவைத்தான் சொல்வேன். மூன்றாம் கிழமையிலேயே ராங்கி உருவம் எடுத்து நின்றுவிடும், அந்தச் சந்தோசம் மிச்ச வேலையைச் செய்விக்கும். என் அடுத்த பெட்டி மினிஆர்ட்.

முடித்ததும் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் வைக்க நினைத்தேன். அம்மா வேண்டாம் என்றார். கோபமாக இல்லை, மெதுவாக, "அதுக்குள்ள வைக்காதை மோனை" என்று மட்டும். கராஜ் மேசைக்கு மேலுள்ள தட்டில் வைத்தேன். இரண்டு கிழமை அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தவர், கூடையை வைத்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குக் கிட்டக் குனிந்தார். கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"சிவப்பா இருக்கு" என்றார்.

"கிறவல் மண் அம்மா, இரணைமடுவில எடுத்தது."

"நாங்கள் வரேக்க நின்றது இப்பிடி இல்லை. களப்புச் சேறு. சாம்பல். காய்ஞ்ச இடமெல்லாம் வெள்ளையாப் பொருக்கு வெடிச்சு இருந்தது. அதில தான் உன்ர கொப்பா கையை ஊண்டிப் போட்டு நின்றவர்."

அப்பா கை ஊன்றியது எனக்கு நினைவில்லை. நான் அப்போது தங்கச்சியைத் தோளில் வைத்திருந்தேன், நிலத்தைத்தான் பார்த்திருப்பேன். சேற்றின் நிறம் மட்டும் அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு முல்லைத்தீவுக்குப் போய் நந்திக்கடல் கரையில் ஒரு பொலித்தீன் பையில் சேறு எடுத்து வந்தேன். களப்பு மண்ணில் உப்பு இருக்கும். அப்படியே பூசினால் மாரிக்கு ஈரம் இழுத்துக் கசியும், பெயின்ரையும் தூக்கிவிடும். வாளியில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி, திரும்பக் கரைத்து, ஐந்து தரம் கழுவினேன். பிறகு காயவைத்து அரித்து, முன்பு பூசின கிறவலைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டேன். அந்த ராங்கி வந்த வழியும் அதுதான், முதலில் சிவப்பு மண், பிறகு களப்பு. சங்கிலியில் ஈரமாக இருக்கிறபோதே ஹெயர் டிரையர் காட்டினால் சேறு தானாகப் பொருக்கு வெடிக்கும். பக்கத் தட்டில், ஒரு ஆள் கை எட்டி ஊன்றுகிற உயரத்தில், சேற்றை விரல் நகத்தளவுக்குத் துடைத்து விட்டிருக்கிறேன்.